வெண்ணெய் திரண்டபோது உடைந்த தாழி

1964-ம் ஆண்டு செப்டம்பர் 20-ம் தேதி. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்தில் பேஸ்பால் ரசிகர்களுக்கு அன்றிரவு நிம்மதியான தூக்கம். காரணம், அவர்களுடைய 'பில்லீஸ்' கோஷ்டி நேஷனல் லீக்கில் முதலிடத்தில் நின்றது. அடுத்தபடியாக இருந்த சின்சினாட்டி, செயின்ட் லூயிஸ் கோஷ்டிகளைவிட ஆறரை ஆட்டம் முன்னால்! மீதியிருந்தவையோ பன்னிரண்டே ஆட்டங்கள். உலகத் தொடருக்கான டிக்கெட்டுகளைக்கூட அச்சடித்துவிட்டார்கள்.

அந்த டிக்கெட்டுகளுக்கு வேலையே இல்லாமல் போயிற்று. மறுநாளிலிருந்து பில்லீஸ் கோஷ்டி வரிசையாகப் பத்து ஆட்டங்களில் தோற்றது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை என்பார்களே, அது பிலடெல்பியாவில் பத்து நாள் ஓடிய கதை!

அன்று முதல் இன்று வரை, அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும், அமெரிக்காவில் ஒரு கேள்வி ஓயவில்லை. 'யார் கெடுத்தது?' என்பதே அது. மானேஜரைச் சிலர் சொல்கிறார்கள். ஒரு ஆட்டக்காரர் துணிந்து ஓடிய ஓட்டத்தைச் சிலர் சொல்கிறார்கள். விதி என்று கூறித் திருப்தியடைகிறவர்களும் உண்டு. ஆனால் கணக்கை எடுத்து வைத்துப் பார்த்தால், கேள்வியே சரியில்லை என்று தோன்றுகிறது. 'யார்?' என்று கேட்பதற்குப் பதில், 'எப்போதிலிருந்து?' என்று கேட்டிருக்க வேண்டும்.

ஏங்கிக் கிடந்த நகரம்

பில்லீஸ் 1883-ல் தோன்றிய பழம்பெரும் கோஷ்டி. ஆனால் பெருமைக்குரிய சரித்திரம் அதற்கு அதிகம் கிடையாது. 1964 வரையில் அது லீக் பட்டத்தை வென்றது இரண்டே முறை: 1915-லும் 1950-லும். உலகத் தொடரை ஒரு முறைகூட வென்றதில்லை. 1961-ல் தொடர்ந்து 23 ஆட்டங்களில் தோற்று, ஊர் சிரிக்கும் நிலைக்கு வந்திருந்தது.

அப்படிப்பட்ட கோஷ்டியை மூன்றே ஆண்டுகளில் தலைநிமிரச் செய்தவர் மானேஜர் ஜீன் மாக். 39 வயதுகூட நிரம்பாதவர். ஆட்டத்தின் ஒவ்வொரு நுணுக்கமும் அவருக்கு அத்துபடி. எந்த ஆட்டக்காரரை எந்த நேரத்தில் இறக்குவது, எப்போது வெளியே அழைப்பது என்பதில் அவருக்கு நிகர் இல்லை என்று எதிரிகளும் ஒப்புக்கொண்டார்கள்.

அந்த ஆண்டு ஆகஸ்டு இறுதியில், வடக்கு பிலடெல்பியாவில் இனக்கலவரம் மூண்டு கடைகள் சூறையாடப்பட்டன. பில்லீஸ் ஆடிய கானி மாக் மைதானமும் அந்த வட்டாரத்தில்தான் இருந்தது. இப்படி மனம் புண்பட்டுக் கிடந்த ஊருக்கு, கறுப்பரும் வெள்ளையரும் ஒன்றாக மகிழ்வதற்கென்று மிஞ்சியிருந்த சில சங்கதிகளுள் இந்த வெற்றியும் ஒன்று. 22 வயதான கறுப்பு இளைஞர் டிக் ஆலன், தம் முதல் முழு ஆண்டிலேயே 162 ஆட்டங்களிலும் ஆடி, 29 ஹோம் ரன்கள் அடித்தார். அந்த லீக்கின் சிறந்த புதுமுகம் என்ற விருதும் அவருக்கே கிடைத்தது. ஆகவே அந்தத் தோல்வியை வெறும் விளையாட்டுச் செய்தி என்று தள்ளிவிட முடியாது.

ஆறரை ஆட்டம் என்றால் என்ன?

பேஸ்பாலில் வெற்றி, தோல்வி இரண்டும் கணக்கில் சேரும். முன்னால் இருப்பவர் தோற்று, பின்னால் இருப்பவர் வென்றால் இடைவெளி ஒரு ஆட்டம் குறையும். ஒருவர் மட்டும் ஆடி மற்றவர் சும்மா இருந்தால் அரை ஆட்டம். செப்டம்பர் 20 அன்று பில்லீஸின் கணக்கு 90 வெற்றி, 60 தோல்வி. சின்சினாட்டிக்கும் செயின்ட் லூயிஸுக்கும் 83 வெற்றி, 66 தோல்வி.

அக்காலத்தில் இன்றுபோல் 'பிளே ஆஃப்' சுற்றுகள் கிடையாது. லீக்கில் பத்து கோஷ்டிகள். முதலிடம் பெறும் ஒரே கோஷ்டிதான் உலகத் தொடருக்குப் போகும். 1969-ல்தான் லீக்குகள் பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டு, அடுத்த சுற்று என்ற ஏற்பாடு வந்தது. 2022 முதல் இரு லீக்குகளிலும் சேர்த்து 12 கோஷ்டிகளுக்கு அந்தச் சுற்றில் இடமுண்டு. 1964-ல் இரண்டாமிடத்துக்கும் பத்தாமிடத்துக்கும் பலன் ஒன்றுதான்!

முடிவில் செயின்ட் லூயிஸ் 93 வெற்றிகளுடன் பட்டத்தைத் தட்டிச் சென்றது. பில்லீஸுக்கும் சின்சினாட்டிக்கும் தலா 92. செயின்ட் லூயிஸுடன் நேருக்கு நேர் ஆடிய கடைசி மூன்று ஆட்டங்களில் ஒன்றையாவது பில்லீஸ் வென்றிருந்தால், அதற்கு 93, எதிரிக்கு 92 என்று கணக்கு மாறியிருக்கும். ஒரே ஒரு ஆட்டம்!

ஓடி வந்த ரூயிஸ்

செப்டம்பர் 21. சொந்த ஊரில் சின்சினாட்டியுடன் முதல் ஆட்டம். ஆறாவது இன்னிங்ஸ் வரை இரு பக்கமும் ரன் இல்லை. சின்சினாட்டியின் சிக்கோ ரூயிஸ் மூன்றாவது தளத்தில் நிற்கிறார். மட்டையுடன் நிற்பவரோ அந்தக் கோஷ்டியின் தலைசிறந்த ஆட்டக்காரரான பிராங்க் ராபின்சன்.

ராபின்சன் அடிக்கட்டும் என்று காத்திருப்பதே யாரும் செய்யக்கூடிய காரியம். ஆனால் ரூயிஸ் திடீரென்று ஓட ஆரம்பித்தார்! பந்து வீசிக்கொண்டிருந்த ஆர்ட் மஹாபி திடுக்கிட்டார். பந்து விலகிப் போயிற்று. ரூயிஸ் சறுக்கிக்கொண்டு வந்து தளத்தைத் தொட்டார். ஆட்டம் 1-0 என்ற கணக்கில் முடிந்தது.

இரண்டு நாள் முன்னதாக, 19-ம் தேதி லாஸ் ஏஞ்சல்ஸிலும் இதேபோல் ஒருவர் ஓடி வந்துதான் பதினாறாவது இன்னிங்ஸில் பில்லீஸைத் தோற்கடித்தார். அதை யாரும் பெரிதாக நினைக்கவில்லை. முதலிடத்தில் இருப்பவருக்கு ஒரு தோல்வி கொசுக்கடி. ரூயிஸின் ஓட்டத்துக்குப் பிறகு ஒன்பது தோல்விகள் தொடர்ந்ததால்தான் அது சரித்திரமாயிற்று. அடுத்த நாள் பில்லீஸ் வென்றிருந்தால், ரூயிஸ் என்ற பெயரே பலருக்கு நினைவிருந்திராது.

இரண்டு தோள்கள், இரண்டு நாள் ஓய்வு

அதிகமாக அடிபடும் குற்றச்சாட்டு மானேஜர் மாக் மீதுதான். அதைப் புரிந்துகொள்ளப் பேஸ்பாலில் பந்து வீசுபவரின் பாடு தெரிந்திருக்க வேண்டும். கிரிக்கெட்டில் ஆறு பந்து போட்டுவிட்டு ஒரு முனையில் இளைப்பாறலாம். பேஸ்பாலில் ஒரே ஆள் நூறு பந்துக்கு மேலும் வீச நேரும். ஒவ்வொன்றும் முழு பலத்துடன். தோளும் முழங்கையும் தேற நாளாகும். அக்காலத்தில் நான்கு பேர் முறை வைத்து வீசுவார்கள். ஒருவருக்கு மூன்று நாள் ஓய்வு கிடைக்கும். இன்று பெரும்பாலும் ஐந்து பேர்.

பில்லீஸிடம் இரண்டு மகா வீரர்கள் இருந்தார்கள். ஒருவர் ஜிம் பன்னிங். அந்த ஜூன் 21-ம் தேதி நியூயார்க் மெட்ஸ் கோஷ்டியின் 27 பேரையும் ஒருவர்கூடத் தளம் ஏறாமல் வீழ்த்தியவர். நேஷனல் லீக்கில் 84 ஆண்டுகளாக நடக்காத சாதனை அது. மற்றவர் கிறிஸ் ஷார்ட். ஆனால் மூன்றாவது, நான்காவது ஆள் யார்? டென்னிஸ் பென்னட்டுக்குத் தோள்வலி. ரே கல்ப்புக்கு முழங்கை வலி. மஹாபி ஒருநாள் போல் ஒருநாள் இருப்பதில்லை.

மாக் என்ன செய்தார்? பன்னிங்கையும் ஷார்ட்டையும் மாறி மாறி அழைத்தார். ஷார்ட் 22-ம் தேதி வீசினார். மீண்டும் 25-ம் தேதி. மீண்டும் 28-ம் தேதி. பன்னிங் 24, 27, 30 ஆகிய தேதிகளில் வீசினார். இடையில் இரண்டே நாள் ஓய்வு. 27-ம் தேதி மில்வாக்கி பிரேவ்ஸிடம் 14-8 என்று உதை. அன்றுதான் முதலிடம் கைநழுவிற்று. 30-ம் தேதி செயின்ட் லூயிஸிடம் 8-5. பத்தாவது தோல்வி.

அக்டோபர் 4 அன்று, சீஸனின் கடைசி நாளில், அதே பன்னிங் மூன்று நாள் ஓய்வுக்குப் பின் வந்தார். சின்சினாட்டிக்கு ஒரு ரன்கூடக் கொடுக்கவில்லை. பில்லீஸ் 10-0 என்று வென்றது! அதே தோள், அதே ஆள். ஒரே ஒரு நாள் ஓய்வு கூடுதல்.

எனவே மாக் செய்தது தவறுதான். ஆனால் எத்தகைய தவறு? வறட்சி வந்துவிடுமோ என்று பயந்து விதைநெல்லை அவிக்கிற குடியானவனின் தவறு. ஆறரை ஆட்டம் கையிலிருந்த மனிதர், ஐந்தாறு ஆட்டங்களைச் சுமாரான ஆட்களிடம் விட்டிருக்கலாம். இரண்டு மகா வீரர்களும் களைப்பாறித் தலா இரு முறை வந்திருப்பார்கள். தோல்விக்குப் பயந்தவர், தோல்வியைத் தாங்கும் வசதி தமக்கு இருந்ததை மறந்தார்.

ஆனாலும் கதை அவருடன் முடியவில்லை. 24-ம் தேதி பன்னிங் வழக்கமான ஓய்வுடன்தான் வீசினார். அன்றும் 5-3 என்று தோல்வி. பத்து தோல்விகளில் ஐந்து ஆட்டங்கள் சரியாக இரண்டு ரன் வித்தியாசத்தில் போயின. ஒன்று ஒரே ரன்னில். அடிப்பவர்கள் ஆட்டத்துக்கு இரண்டு ரன் கூடுதலாக எடுத்திருந்தால் மானேஜரின் தவறு வெளியே தெரிந்தே இராது. ஆகஸ்டில் வாங்கி வந்த பலசாலி பிராங்க் தாமஸ், செப்டம்பர் 8-ம் தேதி கட்டைவிரலை முறித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அந்த இடத்தை நிரப்ப ஆளில்லை.

ஆட்டக்காரர்கள் மனம் தளர்ந்தார்கள் என்று சொல்வதும் அநியாயம். 27-ம் தேதித் தோல்வியில் ஜானி காலிசன் மூன்று ஹோம் ரன்கள் அடித்தார். இரண்டு நாள் கழித்து, செயின்ட் லூயிஸில் காய்ச்சலால் நடுங்கிக்கொண்டே களத்தில் இறங்கினார். தளத்தில் நின்றபடி குளிருக்குச் சட்டை கேட்டார். அதன் பொத்தானைப் போட அவர் விரல் ஒத்துழைக்கவில்லை. எதிர்க் கோஷ்டியின் பில் ஒயிட் போட்டுவிட்டார்! இப்படி ஆடியவர்களையா ஊக்கம் குறைந்தவர்கள் என்பது?

எதிரில் இருந்தவர்களும் மனிதர்கள்

பில்லீஸ் எப்படி வீழ்ந்தது என்று பேசுகிறவர்கள், மற்றவர்கள் எப்படி எழுந்தார்கள் என்பதைப் பேசுவதில்லை. அந்த நாட்களில் சின்சினாட்டி தொடர்ந்து ஒன்பது ஆட்டங்களில் வென்றது. செயின்ட் லூயிஸ் தொடர்ந்து எட்டு.

சின்சினாட்டியின் மானேஜர் பிரெட் ஹட்சின்சன் புற்றுநோயால் வாடிக்கொண்டிருந்தார். ஆகஸ்டில் பொறுப்பை விட்டார், நவம்பரில் காலமானார். அவருக்காகவே ஆடுவது என்று அந்த ஆட்டக்காரர்கள் உறுதி பூண்டிருந்தார்கள். அவர் இடத்தில் இருந்த டிக் சிஸ்லரோ, 1950-ல் கடைசி நாளில் ஹோம் ரன் அடித்துப் பிலடெல்பியாவுக்கே பட்டம் வாங்கித் தந்தவர். விளையாட்டில் இப்படியும் ஒரு விநோதம்!

செயின்ட் லூயிஸ் கதை இன்னும் ரசமானது. ஜூன் 15-ம் தேதி அந்தக் கோஷ்டி, நல்ல பந்து வீச்சாளர் ஒருவரைச் சிகாகோவுக்குக் கொடுத்துவிட்டு, லூ பிராக் என்ற இளைஞரை வாங்கியது. ஊரே எள்ளி நகையாடியது. ஆகஸ்டில், இனிப் பட்டம் கிடைக்காது என்று சலித்த முதலாளி, அந்த பேரத்தை முடித்த ஜெனரல் மானேஜர் பிங் டிவைனை வேலையிலிருந்தே நீக்கிவிட்டார். அந்த பிராக்தான் கோஷ்டியைத் தூக்கி நிறுத்தினார்! அக்டோபரில் செயின்ட் லூயிஸ் நியூயார்க் யாங்கீஸையும் வென்று உலகத் தொடரைக் கைப்பற்றியது. ஜூனில் நட்ட கன்று செப்டம்பரில் காய்த்தது.

இதைப் பில்லீஸ் நிலையுடன் ஒப்பிட்டால் விஷயம் விளங்கும். செயின்ட் லூயிஸ் கோடையில் தன் குறையைக் கண்டு நிரப்பிக்கொண்டது. பில்லீஸிடம் மூன்றாவது பந்து வீச்சாளர் இல்லாத குறை கோடையிலும் இருந்தது. முன்னிலை என்ற போர்வை அதை மூடியிருந்தது. செப்டம்பரில் போர்வை விலகிற்று.

நாற்பத்தேழு ஆண்டுக்குப் பின்

இது பழங்கதை என்று ஒதுக்கவும் வழியில்லை. 2011-ல் பாஸ்டன் ரெட் சாக்ஸ் கோஷ்டி, செப்டம்பர் 3-ம் தேதி டாம்பா பே கோஷ்டியைவிட ஒன்பது ஆட்டம் முன்னால் இருந்தது. அதன் பின் ஆடிய 24 ஆட்டங்களில் வென்றது ஆறே ஆறு. கடைசி நாளில் பால்டிமோரிடம் 4-3 என்று தோற்றது. சில நிமிஷங்களில், யாங்கீஸிடம் 7-0 என்று பின்தங்கியிருந்த டாம்பா பே, 8-7 என்று வென்று பாஸ்டனை வெளியேற்றியது.

அதே லீக் ஆண்டில், அதே நாளில், அட்லாண்டா பிரேவ்ஸும் செப்டம்பர் தொடக்கத்தில் கையிலிருந்த எட்டரை ஆட்ட முன்னிலையைப் பறிகொடுத்து வெளியேறியது. அதன் இடத்தைப் பிடித்தது யார் தெரியுமா? அதே செயின்ட் லூயிஸ்! அந்த ஆண்டும் உலகத் தொடர் அதற்கே.

பாஸ்டனில் உடனே காரணம் கண்டுபிடித்துவிட்டார்கள். பந்து வீச்சாளர்கள் சிலர், தங்களுக்கு ஆட்டம் இல்லாத நாளில், உடை மாற்றும் அறையில் பீர் குடித்தபடி வறுத்த கோழி தின்றார்களாம்! பத்திரிகைகள் கோழியைப் பிடித்துக்கொண்டன. 2004-லும் 2007-லும் உலகத் தொடரை வாங்கித் தந்த மானேஜர் டெர்ரி பிராங்கோனா விலக நேர்ந்தது.

ஒழுங்கு கெட்டது நல்லதல்ல. அதை யாரும் மெச்ச மாட்டார்கள். ஆனால் அந்தக் கோஷ்டி வென்றிருந்தால் அதே கோழியை, 'சகோதர பாசம்' என்று எழுதியிருப்பார்கள். உண்மையில் நேர்ந்தது என்ன? முக்கியமான பந்து வீச்சாளர் இருவர் ஜூன் மாதத்திலேயே உடல் உபாதையால் ஒதுங்கிவிட்டார்கள். மீதிப்பேர் செப்டம்பரில் களைத்துப் போனார்கள். பிலடெல்பியாவில் அடித்த அதே வியாதிதான்!

இன்னொன்றும் உண்டு. பாஸ்டன் அந்த ஆண்டு ஏப்ரலில் முதல் ஆறு ஆட்டங்களிலும் தோற்றது. முதல் பன்னிரண்டில் பத்தில் தோல்வி. கடைசியில் அது வாய்ப்பை இழந்தது ஒரே ஒரு ஆட்டத்தில். ஏப்ரலில் தோற்றதற்கு யாரும் மானேஜரை விரட்டவில்லை. ஆனால் கணக்குப் புத்தகத்தில் ஏப்ரல் தோல்விக்கும் செப்டம்பர் தோல்விக்கும் ஒரே விலை. கண்ணுக்குத்தான் கடைசித் தோல்வி பெரிதாகத் தெரிகிறது.

பழி ஒருவருக்கு, பாடம் எல்லோருக்கும்

ஒருவர் தலையில் பழியைப் போடுவதில் ஒரு சௌகரியம் உண்டு. அவரை நீக்கிவிட்டால் காரியம் முடிந்தது என்று முதலாளி நிம்மதியடையலாம். ரசிகருக்கும் திட்ட ஒரு முகம் கிடைக்கிறது. ஆனால் மூன்றாவது பந்து வீச்சாளர் இல்லாத குறை அங்கேயே இருக்கும். அடுத்த மானேஜரும் அதே குழியில்தான் விழுவார்.

ஜீன் மாக் தம் தவறுக்குக் கொடுத்த விலை மிக அதிகம். பல கோஷ்டிகளுக்கு மொத்தம் 26 சீஸன்கள் மானேஜராக இருந்தும் ஒரு லீக் பட்டம்கூட அவருக்குக் கிட்டவில்லை. 1986-ல் கலிபோர்னியா ஏஞ்சல்ஸ் கோஷ்டியுடன், ஒரே ஒரு பந்து தூரத்தில் பட்டம் இருந்தபோதும் அது நழுவிற்று. 2005-ல் அவர் காலமானபோதும் அந்தப் பத்து நாட்களையே எல்லோரும் எழுதினார்கள். மூன்றாண்டில் ஒரு நையாண்டிக் கோஷ்டியை 92 வெற்றிக்கு உயர்த்தியதை எழுதியவர்கள் சிலரே.

பன்னிங் 1996-ல் 'ஹால் ஆஃப் ஃபேம்' என்னும் புகழ் மண்டபத்தில் இடம் பெற்றார். பிற்பாடு அமெரிக்க செனட்டராகவும் ஆனார். ஆலனுக்கு அந்த மண்டபத்தின் கதவு, அவர் மறைந்து நான்கு ஆண்டு கழித்து, 2024 டிசம்பரில்தான் திறந்தது. பில்லீஸ் தன் முதல் உலகத் தொடரை வெல்ல 1980 வரை காத்திருந்தது.

முன்னிலை என்பது கடன் தீர்ந்ததற்கு அடையாளம் ஆகாது. தவணை தள்ளிப்போனதற்குத்தான் அடையாளம். முன்னால் நிற்கிற காலத்திலேயே எங்கே ஓட்டை இருக்கிறது என்று தேடி அடைக்கிற கோஷ்டி பிழைக்கும். ஓட்டை தெரிந்த பிறகு, இருக்கிற இரண்டு நல்ல தோள்களைப் போட்டு அடைக்கப் பார்க்கிற கோஷ்டி, ஓட்டையையும் அடைக்காது, தோள்களையும் இழக்கும். அடுத்த செப்டம்பரிலும் எங்கோ ஒரு கோஷ்டி இப்படிச் சரியத்தான் போகிறது. அப்போது கடைசிப் பந்தை வீசியவரைத் திட்டுவதற்கு முன்னால், ஏப்ரல், மே மாதக் கணக்கை ஒருதரம் புரட்டிப் பார்ப்பது நியாயம்.